மீன் ஏற்ற ஒரு வண்டி

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் உபாத்தியாயர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் படித்த பிள்ளைகளின் குடும்பங்களில் நான்கு, பணம் சேர்த்து ஒரு டீசல் சரக்கு வண்டி வாங்க உத்தேசித்திருக்கின்றனவாம். கைமுதலில் ஒரு பகுதி ரொக்கம். மற்றது பெண்களின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் இறங்கிய பொன். "விலை குறைவாக இருக்க வேண்டும், அன்றாட வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும், எந்த வண்டி நல்லது என்று தாங்கள் எழுதினால் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்" என்கிறார்.

நம் நேயர்களில் பாதிப் பேர் மீன் என்ற சொல்லைக் கேட்டதுமே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் மரபைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். மற்றப் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மார்க்கெட்டில் நின்று, வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுத் தலையில் கை வைப்பவர்கள். ஆயினும் இந்தக் கேள்வி இரு சாராருக்கும் உரியதுதான் என்று கருதுகிறோம். ஒரு குடும்பம் தன் நகையை விற்று ஒரு யந்திரத்தை வாங்குகிறபோது, அந்த யந்திரம் சரியானதாக அமைந்தால் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். தப்பாக அமைந்தால் மூன்றாம் வருஷத்தில் தவணைக்காரன் சாவியை வாங்கிக்கொண்டு போகிறான். சொந்த வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேரிடம் யோசனை கேட்கிறார்கள்! வண்டி வாங்குகிறவனுக்கு யோசனை சொல்லுகிறவர், பெரும்பாலும் அந்த வண்டியை விற்கிறவர்தான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பழவேற்காட்டு ஏரி, ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு முனையும் கடல் வாய்க்கால் முகமும் நம் திருவள்ளூர் ஜில்லாவில். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியிலிருந்து சுமார் 20. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, நம் நெசவாளர்களின் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். துணியோடு நிற்காமல் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். கோட்டை போய்விட்டது, எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 கிளம்பியது. சந்திரனுக்கு வண்டி அனுப்பத் தெரிந்த கரைக்கு எதிர்க்கரையில், காசிமேட்டுக்கு வண்டி அனுப்புவது எப்படி என்று நான்கு குடும்பங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டும் நம் தேசத்துக் கணக்குகள்தாம். ஒன்றைப் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மற்றொன்றைப் போட யாரும் இல்லை என்பதே வேற்றுமை.

ஏரியில் மீன் பிடிப்பதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்க்காரர்கள், எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுகிறார்கள். சர்க்கார் சட்டம் எழுதி உண்டாக்கியதல்ல. ஊர் கூடி உண்டாக்கி, ஊரே காத்து வருவது. ஆகவே ஒருவனுக்கு இன்று பாடு உண்டு, நாளை இல்லை. இறாலும் மடவையும் நண்டும் பருவத்துக்குப் பருவம் ஏறும், இறங்கும். முகத்துவாரம் மணல் மூடினால் கடல் நீர் உள்ளே வருவது குறைந்து ஏரியே சோர்ந்துவிடும். வண்டியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது: வண்டித் தவணை மாதந்தோறும் ஒரே அளவாக வரும், மீன் அப்படி வராது.

இத்தனை நாளும் வண்டி இல்லாமலா மீன் பட்டணம் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் போயின. 1806-ல் எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்ட அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் மீனும் சென்னைக்கு மிதந்து வந்தன. கால்வாய் தூர்ந்தது, லாரி வந்தது. லாரி யாருடையது என்பதில்தான் சூட்சுமம். மீன் பிடித்தவனுக்கு முன்பணம் கொடுத்தவர், அந்த மீனை எடுத்துப் போகிற வண்டியையும் வைத்திருந்தால், விலையை அவர்தான் சொல்லுவார். மீன் காத்திருக்காது, ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது, "இந்த விலைக்குக் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போக அது நெல் மூட்டை அல்ல. பருத்தியை விளைத்தவன் ஒருவன், கப்பலை வைத்திருந்தவன் வேறொருவன் என்று இருந்த காலத்தில் நம் தேசத்துக்கு என்ன நேர்ந்ததோ அதுவேதான் சிறிய அளவில் ஏரிக்கரையில் நடக்கிறது.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிரிகள் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கி அதை முறித்தார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல் கதையை மீன் வண்டிக்கு உவமை சொல்லுவது மிகை என்று தோன்றலாம். ஆனால் நான்கு குடும்பத்தார் வண்டி வாங்கிய மறுமாதம், வழக்கமான வியாபாரி வண்டி வாடகையைப் பாதியாகக் குறைப்பார். ஊரில் சிலர் அவர் பக்கம் போவார்கள். அந்த ஆறு மாதத்தைத் தாக்குப் பிடிக்கிற வண்டியே வாங்கத் தகுந்த வண்டி. குதிரைச் சக்தியையும் முன்பக்கத்து மினுமினுப்பையும் அப்புறம் பார்க்கலாம்.

இனி வண்டிகள்.

தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று சொன்னால் குழந்தைகூட டாட்டா ஏஸ் வண்டியைக் காட்டும். 2005 மே மாதத்தில் வெளிவந்தது. இரண்டு ஸிலிண்டர், 702 ஸி.ஸி., 16 குதிரைச் சக்தியுள்ள சின்ன டீசல் யந்திரம். அதுவரை மூன்று சக்கர ஆட்டோவில் சரக்கு ஏற்றித் தள்ளாடியவர்களுக்கு நான்கு சக்கரமும் ஒரு கதவும் கிடைத்தன. இருபது லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. நம்மவர்கள் ஒரு யந்திரத்துக்குச் செல்லப் பெயர் வைத்துவிட்டால் அதைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். உழவு டிராக்டருக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் 'ஏஸ் கோல்டு பிளஸ்' என்ற டீசல் வகை 5 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. அதற்கு 22 குதிரைச் சக்தி. 900 கிலோ பாரம் தாங்கும் என்கிறார்கள்.

அதற்கு மேற்பட்டவை பிக்கப் வண்டிகள். அசோக் லேலண்டின் 'தோஸ்த்' 2011-ல் ஜப்பானிய நிஸான் கம்பெனியின் கூட்டுடன் ஓசூரில் உருவாயிற்று. மூன்று ஸிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல் யந்திரம். ஒன்றேகால் டன்னில் தொடங்கி இப்போது ஒன்றரை டன் வகையும் உண்டு. மஹிந்திராவின் பொலீரோ பிக்கப் இன்னும் முரட்டு ஆசாமி. இரண்டரை லிட்டர் யந்திரம், 1.3 டன்னிலிருந்து மேலே பல வகை. இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. ரகுநந்தன் சரண் என்பவர் நேருவின் தூண்டுதலால் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியை ஸ்தாபித்துத் தொழிற்சாலை கட்டிய இடம் எண்ணூர். பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கால்வாயின் கரையில் உள்ள எண்ணூர்தான். லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. பக்கத்து ஊர் யந்திரம் என்ற பாசம் நமக்கும் உண்டு. ஆனால் பாசத்துக்குத் தவணை கட்ட முடியாது. கணக்கைப் பார்ப்போம்.

மீனுக்குச் சரிபாதி ஐஸ் என்பது நம் உஷ்ணப் பிரதேசத்துக்கு ஏற்ற விதி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். எனவே 900 கிலோ தாங்கும் வண்டியில் 900 கிலோ மீன் ஏறாது. மீன் 390, ஐஸ் 390, இருபத்து நான்கு பிளாஸ்டிக் கூடைகள் தலா 2 கிலோ வீதம் 48, கூடப் போகிற ஆள் ஒருவர் 65, மொத்தம் 893. ஆக, குட்டி யானை நியாயமாகச் சுமக்கக்கூடிய மீன் 390 கிலோ. ஒன்றரை டன் பிக்கப்பில் இதே கணக்குப்படி 670 கிலோ ஏறும். விற்பனைக்காரர்கள் சொல்லும் பாரத்தில் பாதிக்கும் குறைவுதான் மீன் என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் என்றதும் ஒரு நினைவு வருகிறது. சென்னைக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-ல் ஐஸ் வைக்கக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து, துரைமார்களின் கோப்பைகளுக்காக அங்கே சேமித்தார்கள். அன்று துரைக்கு மட்டும் கிடைத்த பண்டம் இன்று மடவை மீனுக்குக் கிடைக்கிறது. சுயராஜ்யத்தின் பலன்களைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செலவுக்கு வருவோம். காசிமேட்டுக்குப் போய்த் திரும்ப, சில்லறை அலைச்சல் உட்பட, நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர். மாதத்தில் 25 நாள். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுவோம். குட்டி யானை லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால் மாதம் சுமார் 15,300 ரூபாய் டீசல். பிக்கப் 12 ஓடினால் 23,000. சின்ன வண்டிக்கு 5 லட்சமும் பெரிய வண்டிக்கு 8 லட்சமும், நூற்றுக்குப் பதினொன்று வட்டியில், ஐந்து வருஷத் தவணைக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை முறையே சுமார் 10,900 ரூபாயும் 17,400 ரூபாயும் ஆகும். இரண்டையும் கூட்டினால் சின்ன வண்டிக்கு மாதம் 26,200, பெரியதற்கு 40,400. ஓட்டுகிறவர் கூலி, டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேலே.

சின்ன வண்டி தினம் 390 கிலோ நிறையப் போனால் கிலோவுக்கு விழுகிற செலவு 2 ரூபாய் 69 காசு. பெரிய வண்டி 670 கிலோ நிறையப் போனால் 2 ரூபாய் 41 காசு. ஆகையால் பெரியதே மேல் என்று விற்பனைக்காரர் சொல்லுவார். சொல்லுவது மெய்தான், நிறைந்தால். அதே பெரிய வண்டி 390 கிலோவோடு போனால் கிலோவுக்கு 4 ரூபாய் 14 காசு ஆகிவிடும். சின்ன வண்டியோடு சரிக்குச் சரி நிற்பதற்கே, மாதம் முழுவதும் சராசரியாகத் தினம் 600 கிலோ அதற்கு வேண்டும். பாடு முறையையும் பருவத்தையும் மேலே சொன்னோம். வருஷத்தில் எத்தனை மாதம் 600 கிலோ சேரும்? நான்கு குடும்பத்து வலையில் அது ஒரு நாளும் சேராது. ஊரார் மீனையும் ஏற்றினால்தான் சேரும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. சேருகிற மீன் 390-க்கும் 600-க்கும் நடுவில் நின்றால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் குட்டி யானைகள் கெட்டுப் போகின்றன. "இன்னும் நாலு கூடைதானே!" என்று ஏற்றுவார்கள், பட்டைவில் தாழும், டயர் தேயும், பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. சட்டத்தை விடுங்கள், மீஞ்சூர் சாலையில் டாங்கர்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே அதிகாலை இருட்டில் பிரேக் பிடிக்காத வண்டியை யார் ஓட்டுவது? இதற்கு நமக்குத் தோன்றும் வழி வேறு. எல்லா மீனும் காசிமேட்டுக்குப் போக வேண்டியதில்லை. சேற்று நண்டு உயிரோடு கட்டி ஈரச் சாக்கில் போகும் பண்டம். அதற்கு ஐஸ் பாரமே கிடையாது. விலையோ ஏரியிலேயே உயர்ந்தது. இறால் அதற்கு அடுத்தது. இவற்றை முதலில் ஏற்றி, மலிவான பொடி மீனைப் பொன்னேரியிலும் சுற்று ஊர்ச் சந்தைகளிலும் இறக்கிவிட்டால், சின்ன வண்டியே பெரிய வண்டியின் பணத்தைக் கொண்டுவரும். எதை ஏற்றுவது என்பது எந்த வண்டி என்பதைவிட முக்கியமான கேள்வி. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை இருக்கும் 61 நாளும் காசிமேட்டில் மீன் அருமைப்பட்டு விலை ஏறும். நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால் ஏரிக்கரை மீனுக்கு அதுவே அறுவடைக் காலம். வண்டி வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் வாங்கித் தவணையைத் தொடங்குவது அவ்வளவு சிலாக்கியமல்ல.

டீசல்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. பாரத்தோடு தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டிக்கு டீசல் நியாயம்தான். ஆனால் 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசல் வண்டியின் குணம் மாறிவிட்டது என்பதைப் பழைய ஆட்கள் பலர் அறியவில்லை. பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போவதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து சூடாக ஓட வேண்டும். காசிமேட்டுக்குப் போகிற வண்டிக்கு அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். இறங்குதுறைக்கும் ஐஸ் பாக்டரிக்கும் இடையே இரண்டு மைல் இரண்டு மைலாக நாள் முழுதும் அலைகிற வண்டிக்குக் கிடைக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், முகப்பில் விளக்கு எரியும், "பல்பு ரிப்பேர்" என்று அதைப் பிடுங்கிப் போடுகிற மேதாவிகளும் இருக்கிறார்கள். பொன்னேரி எல்லையைத் தாண்டாத வேலை என்றால் டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோலோ மின்சாரமோ பார்ப்பதே சரி. கலப்பட டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஓட்டிய காலம் போயே போய்விட்டது. இந்த யந்திரங்கள் அதை மன்னிப்பதில்லை.

இவ்வளவு சொல்லியும் முக்கிய சத்துருவை இன்னும் சொல்லவில்லை. உப்பு! ஏரிக்காற்றில் உப்பு, ஐஸ் கரைந்து வழியும் மீன் தண்ணீரில் உப்பு, மழை நாளில் சாலையில் தேங்கும் நீரில் உப்பு. கோயம்புத்தூரில் பதினைந்து வருஷம் உழைக்கும் வண்டி இங்கே ஐந்தாறு வருஷத்தில் அடிச்சட்டத்தில் பொரிந்து உதிரும். மீன் தண்ணீர் தட்டின் ஆணித் துளைகள் வழியாகச் சொட்டிச் சொட்டி, சட்டத்தின் மீதும் பிரேக் குழாய் மீதும் பட்டைவில் மீதும் விழுகிறது. வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். ஆகையால் வண்டி வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை முதலிலேயே இதற்கு ஒதுக்கிவிட வேண்டும். தட்டின் மேல் பைபர் கண்ணாடித் தகட்டைத் தண்ணீர் கசியாதபடி ஒட்டிப் போட வேண்டும். தட்டு பின்புறம் சற்றுச் சரிந்து, ஒரே வடிகால் துளை வழியாக, ரப்பர்க் குழாயில் இறங்கி, அச்சுக்கும் சக்கரத்துக்கும் பின்னால் தண்ணீர் விழ வேண்டும். அடிச்சட்டத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு வருஷம் ஒரு முறை. மின்கம்பி இணைப்புகளுக்கும் பாட்டரி முனைகளுக்கும் கிரீஸ். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். மேல்பக்கம் அழுக்காக இருந்தாலும் பாதகமில்லை. குடிக்கவே நல்ல தண்ணீருக்கு அலையும் குப்பத்தில் வண்டி கழுவ எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. காசிமேட்டிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது, வழியில் ஊர்த் தண்ணீர் உள்ள இடத்தில் நூறு ரூபாய் கொடுத்துக் கழுவிக்கொண்டு வருவதே சுலபம்.

படகு கரை ஏறும் இடம் வரையில் வண்டியை ஓட்டிப் போகிற ஆசையையும் விட்டுவிட வேண்டும். மணலில் புதைந்த பின்சக்கரத்தை வெளியே இழுக்க ஊரே வரும், வந்து இழுத்தும் விடும். ஆனால் உவர் மணல் அச்சுக்குள்ளும் பிரேக் டிரம்முக்குள்ளும் குடியேறிவிடும். கடைசி இருநூறு கெஜம் கைவண்டியில் வரட்டும்.

பழைய வண்டி வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வாங்கலாம், ஆனால் கரையோர வண்டியை வாங்கக் கூடாது. சேலம், ஈரோடு பக்கம் காய்கறி ஏற்றிய வண்டி பத்தாயிரம் கூடுதலானாலும் மலிவு. வாங்குமுன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய், வண்டிக்குக் கீழே படுக்கச் சொல்லி, அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் நல்லது. பொத்தென்ற சத்தம் கேட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். புதிதாகப் பூசிய கறுப்பு வர்ணத்தைக் கண்டால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும். மேலும், சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் அதற்குப் பிறகு வருஷந்தோறும் எப்.ஸி. எடுக்க வேண்டும். எட்டாம் வருஷத்து வண்டி மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுவே.

சட்ட விஷயத்தில் இரண்டு நல்ல செய்திகள் உண்டு. வண்டியும் பாரமும் சேர்ந்து 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. குட்டி யானை இதில் அடங்கும். பிக்கப்புகளில் சில அடங்கும், சில அடங்கா. பதிவுப் புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம். இரண்டாவது, சாதாரண மோட்டார் கார் லைசென்ஸ் உள்ளவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுப் பையன் ஒருவனே ஓட்டினால் கூலி மிச்சம். வரியிலும் ஒரு சகாயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைந்தது.

சர்க்கார் உதவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், ஐஸ் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டிக்கும், குளிர் காக்கும் பெட்டி கட்டிய சரக்கு வண்டிக்கும் மானியம் ஏற்பாடாயிற்று. பொதுப் பிரிவினருக்குச் செலவில் நூற்றுக்கு 40, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60. வண்டியைப் பெண்கள் பெயரில் வாங்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? நகை அவர்களுடையது, பதிவுப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் இருப்பது கணக்குக்கும் சரி, தர்மத்துக்கும் சரி. ஆனால் மானியம் மஞ்சூரானதாக எழுத்து மூலம் வருமுன் வண்டியை வாங்கிவிடக் கூடாது. வாங்கிய வண்டிக்குப் பிறகு மானியம் கேட்டு அலைந்தவர்கள் அநேகர். முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அப்புறம் வண்டிக் கடைக்குப் போகட்டும்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி நேயர்களுக்கு நினைவிருக்கும். பஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது; கண்டனங்கள் வந்தன. கூடையை இறக்கச் சொல்லும் ஊர் குளச்சல் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே குப்பத்தில் வண்டி வந்ததும் பெண்கள் கூடையோடு தட்டில் ஏறி உட்காருவார்கள். அதைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. ஆயினும் தடுக்கத்தான் வேண்டும். சரக்கு வண்டியின் தட்டில் ஆள் ஏற்றுவது சட்ட விரோதம் என்பது ஒரு புறம் இருக்க, கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். நான்கு குடும்பத்தின் பொன்னும் நஷ்ட ஈட்டில் போய்விடும். சரக்கின் சொந்தக்காரர் ஒருவர் முன்னறையில், அனுமதித்த ஆசனத்தில் உட்கார்ந்து போவதற்குப் பாதுகாப்பு உண்டு. கூடைகள் வண்டியில் போகட்டும். பெண்கள் கை வீசிக்கொண்டு பஸ்ஸில் போகட்டும். கூடை இல்லாதவளை இறக்கிவிட எந்தக் கண்டக்டருக்கும் வாய் வராது.

எல்லாவற்றையும் யோசித்தபின் நம் அபிப்பிராயம் இது: நான்கு குடும்பத்தார் முதல் வண்டியாகக் குட்டி யானை வகையையே வாங்கலாம். ஒன்றரை டன் பிக்கப்பின் மேல் நமக்குக் கோபமில்லை, நல்ல வண்டி. ஆனால் அது ஊருக்கு ஏற்ற வண்டி. நான்கு வீட்டுக்கு ஏற்றதல்ல. ஐம்பது வீட்டார் சங்கமாகச் சேர்ந்தால் அதை வாங்கட்டும். தெற்கே கன்னியாகுமரிக் கரையில் அப்படிச் சங்கம் சேர்ந்து, ஏலத்தையே வியாபாரிகள் கையிலிருந்து தங்கள் கைக்கு மாற்றிக்கொண்ட மீனவர்கள் உண்டு. அந்தச் சங்கங்களின் சம்மேளனம் 1980 முதல் நடந்து வருகிறது.

வாங்குமுன் மூன்று மாதம் வாடகை வண்டியில் போய்ப் பார்ப்பது உத்தமம். நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றில், தினமும் எத்தனை கிலோ நண்டு, எத்தனை கிலோ இறால், எத்தனை கிலோ மீன், எந்த மார்க்கெட்டில் என்ன விலை, போகாத நாள் எத்தனை என்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். பாங்கிக்காரரிடம் முத்ரா கடன் கேட்கப் போகும்போதும் அந்த நோட்டு பேசும்.

இன்னும் ஒரு காகிதமும் எழுதியாக வேண்டும். நான்கு குடும்பமும் இப்போது ஒரே மனதாக இருக்கின்றன. வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் அப்படியே இருக்கும் என்று யாரும் ஜாமீன் சொல்ல முடியாது. யார் ஓட்டுவது, ஓட்டுபவருக்குக் கூலி எவ்வளவு, பாடு இல்லாத நாளில் வெளி வாடகைக்கு விடலாமா, டயருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன விலைக்கு, ஊரார் மீனை ஏற்றினால் கிலோவுக்கு எத்தனை காசு வாங்குவது என்பவற்றை முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டி, வண்டியின் கதவிலேயே வர்ணத்தால் எழுதிவிடவும் வேண்டும். வியாபாரியின் வண்டிக்குப் பதிலாக வந்த வண்டி, இரண்டு வருஷத்தில் இன்னொரு வியாபாரியின் வண்டியாக மாறிவிடுவதும் உலகத்தில் நடப்பதே.